ஸ்கோப் இல்லாத துவக்கோட மரைக்குப் போறது: எவ்வளவு தூரம் சரி?

உவர்மலையான் (திருகோணமலை)

எல்லாருக்கும் வணக்கம். வீட்டு வழக்கு ஒண்டைக் கொண்டு வந்திருக்கிறன், தீர்த்து வையுங்கோ.

என்ர தங்கச்சியின்ர மனிசன் மெல்பேர்ணில. மூண்டு வருசமா அங்க மரை வேட்டைக்குப் போறார். லைசென்ஸ் எடுத்து, சட்டப்படி. இப்ப ஆரிட்டயோ ஒரு பழைய லித்கோ த்ரீ-நொட்-த்ரீ ரைபிள் வாங்கியிருக்கிறார். அதுக்கு ஸ்கோப் (தூரத்தைக் கிட்டக் காட்டுற குழாய்க் கண்ணாடி) பூட்டாமல், துவக்கோட வாற இரும்புக் குறியோடயே ஒரு மரை அடிக்கோணும் எண்டு பிடிவாதம். போன கிழமை வீடியோ கோலில அப்பாவைப் பிடிச்சு, "மாமா, ஸ்கோப் இல்லாட்டி எவ்வளவு தூரத்தில வெடி வைக்கலாம்?" எண்டு கேட்டார்.

அப்பாவுக்கு 78 வயசு. தம்பலகாமத்தில வயல் செய்த காலத்தில பயிர்க்காவலுக்கு எண்டு அனுமதிப்பத்திரத்தோட ஒரு பன்னிரண்டு போர் துவக்கு வைச்சிருந்தவர். எண்பதுகளில கொண்டுபோய் ஒப்படைச்சார். ஆரிட்ட, எப்படி எண்ட கதை இஞ்ச வேண்டாம். திரும்பி வரேல்லை, அவ்வளவுதான்.

அவர் கொஞ்ச நேரம் வெத்திலையைச் சப்பிப்போட்டுச் சொன்னார்: "அதின்ர கண்மடல் அடிக்கிறது தெரிஞ்சால் வை."

மச்சான் சிரிச்சார். அப்பா சிரிக்கேல்லை. இப்ப என்ர கேள்வி: இது கிழவரின்ர வாய்ப்பேச்சோ, உள்ளுக்க ஒரு கணக்கு இருக்கோ?

---

மதுரைப் பையன்

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். மரைன்னா எது? எங்க பக்கம் மரையான்னு வேற ஒண்ணச் சொல்வாங்க.

---

உவர்மலையான்

நீங்கள் கடமான் எண்டு சொல்லுற பெரிய மான். சாம்பர். இலங்கையில நாங்கள் மரை எண்டுதான் சொல்லுவம். சும்மா "மான்" எண்டால் இஞ்ச புள்ளிமான். கோணேசர் கோயிலுக்கு ஏறேக்க கோட்டை வாசலில நிண்டு வாழைப்பழத் தோலுக்கு மல்லுக்கட்டுற ஆக்கள்.

---

டண்டினோங் மச்சான் (மெல்பேர்ண்)

அந்த மருமகன் நான்தான். அத்தான் எழுதுவார் எண்டு தெரியும், இவ்வளவு கெதியா எண்டு தெரியாது.

முதல்ல ஒரு விசயம். இஞ்ச ஓடுற மரையில எங்கட இரத்தமும் இருக்கு. 1860களில வெள்ளைக்காரர் விக்ரோறியாவில கொண்டுவந்து விட்ட மரையளில இலங்கையில இருந்து ஏத்தினதும் இருந்தது. எங்களுக்கு எவ்வளவோ காலம் முதலே கப்பல் ஏறி வந்து, எங்களை விட நல்லாப் பெருகியும் போட்டுது.

சட்டம் இதுதான்: மரைக்கு வருசம் முழுக்க நடந்து போய் வேட்டையாடலாம், கேம் லைசென்ஸ் வேணும். துவக்கு .270 அங்குல விட்டத்துக்குக் குறையக்கூடாது, சன்னம் நிறையில 130 கிரெயினுக்குக் குறையக்கூடாது. பொழுது பட்டு அரை மணித்தியாலத்துக்குப் பிறகு வெடி வைக்கக்கூடாது. அரசாங்கக் காட்டில டோர்ச் அடிச்சு வேட்டையாடவும் ஏலாது. 303 இந்தக் கணக்குக்குள்ள தாராளமா வரும்.

ஏன் ஸ்கோப் வேண்டாம் எண்டதுக்குக் காரணம் சொல்லுறன். ரெண்டு வருசத்துக்கு முதல் ஒரு மலைச்சரிவில இருந்து எதிர்ச்சரிவில நிண்ட பெண் மரையை 180 மீற்றரில அடிச்சன். ஒரே வெடி, அந்த இடத்திலயே விழுந்தது. பிறகு பள்ளத்தில இறங்கி, ஆறு கடந்து, மற்றப் பக்கம் ஏறி அதுக்குக் கிட்டப் போக ஒண்டரை மணித்தியாலம். காத்து எங்கால அடிக்குது, எந்த மரத்துக்குப் பின்னால அது நிண்டது, என்னத்தைத் திண்டு கொண்டு நிண்டது எண்டெல்லாம் போகேக்கதான் பார்த்தன். அதெல்லாம் வெடிக்கு முதல் பார்த்திருக்க வேண்டியது. வேட்டையைத் தலைகீழாச் செய்துபோட்டன் எண்டு பட்டுது.

மாமா சொன்ன "கண்மடல்" எனக்கு 25 மீற்றர் மாதிரித் தெரியுது. நான் 80 வரைக்கும் போகலாம் எண்டு நினைக்கிறன்.

---

கண்ணாடிக்காரன் (திருகோணமலை)

நான் துவக்கைத் தொட்டதில்லை. ஆனால் கண் பரிசோதனை என் தொழில், இந்தக் கேள்வி பாதி என் தொழிலுக்குள் வருகிறது.

இரும்புக் குறியில் மூன்று பொருள் இருக்கின்றன: கைக்கு எட்டும் தூரத்தில் பின்குறியின் வெட்டு, குழலின் நுனியில் முன்குறி, தூரத்தில் மான். மனிதக் கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்கும். மூன்றையும் ஒன்றாகத் தெளிவாகப் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால், அவர் கண்ணை வேகமாக மாற்றி மாற்றிப் பார்க்கிறார் என்றுதான் அர்த்தம். தெளிவாக இருக்க வேண்டியது முன்குறி. மான் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் பரவாயில்லை. புதிதாகச் சுடுகிறவர்கள் மானைத் தெளிவாகப் பார்த்து முன்குறியை மங்க விடுவார்கள், ஆசை அங்கேதானே இருக்கிறது.

நாற்பது வயது தாண்டியதும் கண்வில்லை இறுகிவிடும். கிட்டப் பார்வை போகும். பின்குறியின் வெட்டு முதலில் கலங்கும். டண்டினோங் தம்பிக்கு எத்தனை வயது?

இனிக் கணக்கு. முன்குறி 1.6 மில்லிமீற்றர் அகலம், கண்ணில் இருந்து 80 சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்கிறது என்று வையுங்கள். 100 மீற்றரில் அந்தச் சின்னக் குண்டுமணி 20 சென்ரிமீற்றர் இடத்தை மறைத்து நிற்கும். 25 மீற்றரில் 5 சென்ரிமீற்றரைத்தான் மறைக்கும். மாமா கணக்குப் படிக்கவில்லை என்றாலும் கண்ணால் அளந்திருக்கிறார்.

---

டண்டினோங் மச்சான்

43 அண்ணை. ஏன் கேட்டனீங்கள் எண்டு விளங்குது.

இதோட இன்னொரு கணக்கும் சேருங்கோ. லித்கோவில பின்குறி குழலுக்கு மேல, முன்னுக்குத் தள்ளி இருக்கு. ரெண்டு குறிக்கும் இடையில ஏறக்குறைய அரை மீற்றர்தான். குறி ஒரு மில்லிமீற்றர் விலகினால் 100 மீற்றரில 20 சென்ரிமீற்றர் விலகும். இதுக்குப் பிறகு வந்த நம்பர் 4 துவக்கில பின்குறி கண்ணுக்குக் கிட்ட, ஓட்டை மாதிரி இருக்கும். இடைவெளி 70 சென்ரிமீற்றருக்கு மேல. ஓட்டைக்குள்ளால பார்க்கேக்க கண் தானாகவே நடுவைப் பிடிக்கும், பின்குறியைத் தெளிவாப் பார்க்க வேண்டிய வேலையும் இல்லை. என்ர வயசுக்கு அதுதான் சரி. காசைக் குடுத்த பிறகுதான் இதெல்லாம் தெரிஞ்சுது.

இன்னொரு கூத்து. இது பட்டாளத்துத் துவக்கு. பின்குறியை எவ்வளவு இறக்கினாலும் 200 யாருக்குக் கீழ வராது. 60 மீற்றரில சுட்டால் சன்னம் குறிக்கு மேலதான் படும். முன்குறியை உயரமானதா மாத்தினால்தான் இறங்கும். மாத்தக் குடுத்திருக்கிறன்.

---

கிண்ணியாக் காக்கா

இந்த இழைய வாசிச்சு வாப்பாட ஞாபகம் வந்திட்டு.

எங்கட வாப்பாக்கிட்ட ரைபிளும் இல்ல, பன்னிரண்டு போரும் இல்ல. ஒரு இடியன்தான். மருந்தும் சன்னமும் வாயால போட்டு இடிச்சு வைக்கிற சாமான். பின்குறி எண்டு ஒண்டுமே கிடையாது, நுனியில ஒரு பித்தளைக் குமிழ் மட்டும். ஒரு வெடி வைச்சா அடுத்ததுக்கு ஆற அமர இரிக்கணும், அதுக்குள்ள மான் கந்தளாய்க்குப் போய்ரும். அதால வாப்பா இருபது எட்டுக்கு மேல வெடி வைக்க மாட்டாரு. எட்டு எண்டா அவர்ர எட்டு, அவர் நல்ல உயரம்.

அந்தி நேரத்துல அந்தப் பித்தளை தெரியாது. அதுக்கு ஒரு வேலை செய்வாரு. வெத்திலைக்கு வைச்சிரிக்கிற சுண்ணாம்புல ஒரு பொட்டு எடுத்து அந்தக் குமிழ்ல பூசுவாரு. இருட்டுல வெள்ளையா நிக்கும். பகல்ல இதுக்கு மாறு, விளக்குக் கரியப் பூசுவாரு. வெயில்ல பித்தளை மினுங்கினா, மினுங்கிற பக்கத்த நடு எண்டு கண் நினைச்சிரும், வெடி மத்தப் பக்கம் போகும்.

பிஸ்மில்லாஹ் செல்லித்தான் விசைய இழுப்பாரு. உசிர் இரிந்தா ஓடிப்போய் அறுக்கணும், அதுக்கும் கிட்ட நிக்கத்தான் வேணும். தூரத்துல நிண்டு அடிச்சிட்டு இறைச்சி ஹலாலா இல்லையா எண்டு ஊட்டுல வந்து வாதாடினா உம்மா சட்டியக் கழுவிக் கவுத்திருவா.

---

கன்னியா ஏழாம் கிணறு

எல்லாரும் இனிக்க இனிக்கக் கதைக்கிறியள். நான் கசப்பை எழுதுறன்.

இலங்கையில 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கு. மானோ மரையோ அடிக்கிறது குற்றம், இறைச்சி வைச்சிருக்கிறதும் குற்றம். பயிர்க்காவல் துவக்கு எண்டது தோட்டத்தைக் காக்கத்தான். நான் காட்டோரங்களில கமரா கொண்டு திரியிறவன். ஆள் இல்லாமல் தானா வெடிக்கிற கட்டுத்துவக்குப் பட்டு முழங்காலுக்குக் கீழ காலே இல்லாமல் நிண்ட மரையைப் பார்த்தவன். அதுக்கு ஸ்கோப் இருந்ததோ, இரும்புக் குறி இருந்ததோ எண்ட விவாதமெல்லாம் தெரியாது.

மெல்பேர்ணில சட்டம் வேற, சரி. ஆனால் 43 வயசுக் கண்ணோட, அரை மீற்றர் இடைவெளிக் குறியோட, 80 மீற்றரில அடிக்கப் போறன் எண்டு இவர் சொல்லுறார். விலகினால் தாடையில படும், வயித்தில படும். அது ரெண்டு நாள் கழிச்சு எங்கயோ ஒரு பள்ளத்தில சாகும். உங்கட பிடிவாதத்துக்கு அது ஏன் விலை குடுக்கோணும்? ஸ்கோப்பைப் பூட்டி ஒழுங்காச் சுடுங்கோ. இல்லாட்டிக் கமராவோட போங்கோ.

---

மட்டுறுத்துநர்

கட்டுத்துவக்கு, வெங்காய வெடி, கண்ணி இவை எப்படி வைப்பது என்று யாரும் எழுத வேண்டாம். இறைச்சி எங்கே கிடைக்கும் என்று தனிமடலில் கேட்ட மூவர் நீக்கப்பட்டுள்ளனர். மற்றபடி தொடருங்கள்.

---

டண்டினோங் மச்சான்

கன்னியா அண்ணை, கோவிக்கேல்லை. நீங்கள் சொன்னது குத்திச்சுது, அதால போன சனிக்கிழமை ஒரு சோதனை செய்து பார்த்தன்.

கடதாசிப் பீங்கான், 20 சென்ரிமீற்றர் அகலம். மரையின்ர நெஞ்சுக்குள்ள நுரையீரலும் இருதயமும் இருக்கிற இடத்தை அந்த அளவு எண்டு எடுத்தால் பிழைக்கு இடம் விட்ட மாதிரி. வாங்கில துவக்கைச் சாத்தி வைச்சுச் சுடேல்லை. காட்டில வாங்கு இல்லைத்தானே. நிண்டு, ஒரு தடியில கையை ஊண்டிக்கொண்டு, ஒவ்வொரு வெடிக்கும் முதல் ஐம்பது மீற்றர் ஓடிப்போட்டு வந்து, மூச்சு வாங்க வாங்க. ஐஞ்சு வெடியும் பீங்கானுக்குள்ள பட்டால்தான் அந்தத் தூரம் எனக்குச் சொந்தம்.

40 மீற்றரில ஐஞ்சுக்கு ஐஞ்சு.
60இல ஐஞ்சுக்கு நாலு.
80இல ஐஞ்சுக்கு ரெண்டு. அதில ஒண்டு விளிம்பில.

80 எண்டு எழுதினதை வாபஸ் வாங்குறன்.

---

உவர்மலையான்

இதை அப்பாட்ட வாசிச்சுக் காட்டினன். "நாப்பதுக்கு வந்திட்டானோ? இன்னும் கொஞ்சம் இறங்குவான்" எண்டார்.

பிறகு அவரே கதைக்கத் தொடங்கினார். துவக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, முழுக்கக் காத்தைப் பற்றி. எழுதி வைச்சதைத் தாறன்.

தம்பலகாமத்துப் பக்கம் விடியக் காத்து தரையில இருந்து கடலுக்குப் போகும். வெயில் ஏற ஏற அது சோர்ந்து, பிறகு கடல்காத்து உள்ளுக்க வரும். இது மீன்பிடிக்கிற சின்னப் பெடியனுக்கும் தெரியும். ஆனால் கச்சான் அடிக்கிற மாதங்களில மேற்கால வாற சூட்டுக் காத்து மற்றதெல்லாத்தையும் அமத்திப்போடும், பின்னேரம் வரைக்கும் விடாது. அப்ப குளத்துக்குக் கிழக்குக் கரையில மறைஞ்சு இருந்தால்தான் மேற்கால வாற மானுக்கு மணம் போகாது. ரெண்டு காத்தும் மாறுற அந்த இடைநேரம் இருக்கே, காத்துச் செத்து, பிறகு கண்டபடி சுழலும், அந்த நேரத்தில நடக்கவே கூடாதாம். குந்தி இருந்து வெத்திலை போட வேண்டியதுதான்.

மந்தியைப் பார்க்கச் சொன்னார். மந்தி மரத்தில இருந்து பழமும் கொழுந்தும் விழுத்தும், கீழ மான் நிண்டு பொறுக்கும். பாலைப்பழக் காலத்தில மந்திக் கூட்டத்தைக் கண்டால் மான் தேடத் தேவையில்லை. ஆனால் மந்திக்கு மேல இருந்து எல்லாம் தெரியும். அது ஒருக்காக் கத்தினால் அண்டைக்கு வேட்டை சரி, வீட்டை போகலாம்.

நான் கேட்டன், அப்ப கடைசியா எவ்வளவு கிட்டப் போனீங்கள் எண்டு. வயசுக்கு ஏத்த பொய் ஒண்டு வரும் எண்டு பார்த்தன். "பத்துத் தரம் போனால் எட்டுத் தரம் கிட்டப் போக முதலே அது போயிடும். ஒருக்கா கிட்டப் போவம், வெடி வைக்க மனம் வராது. ஒருக்கா வைப்பம்."

வைச்ச பிறகு உடன ஓடக்கூடாது எண்டும் சொன்னார். வெத்திலை ஒண்டு போட்டுச் சப்பி, துப்பி முடிஞ்ச பிறகுதான் எழும்பலாம். துரத்தினால் காயப்பட்டது ஓடிக்கொண்டே இருக்கும், விட்டால் கிட்டடியில படுக்கும்.

---

ஸ்கொட்லாந்துத் தம்பி (இன்வெர்னஸ்)

கடைசியாச் சொன்னது உலகம் முழுக்க ஒண்டுதான் போல. இஞ்ச என்னோட வேலை செய்யிற ஒரு ஸ்கொட்டிஷ் மனிசன் மான் வேட்டைக்குப் போறவர். அவரும் வெடிக்குப் பிறகு கால் மணித்தியாலம் அசைய மாட்டாராம், வெத்திலைக்குப் பதிலாத் தேத்தண்ணிப் போத்தல். பிறகு போய் இரத்தத்தைப் பார்ப்பாராம். நுரையோட வெளிர் சிவப்பெண்டால் நுரையீரல், கிட்டத்தான் கிடக்கும். கடும் சிவப்பெண்டால் ஈரல், பொறுக்க வேணும். பச்சையாக் கலந்து நாறினால் வயிறு. அண்டைக்கு முழுக்கத் தேடத்தான் வேணும், தேடாமல் வீட்டை போறவனோட அவர் அடுத்தமுறை போகார்.

இஞ்ச செம்மானுக்கு 80 கிரெயினுக்குக் குறையாத சன்னம், நொடிக்கு 2,450 அடி வேகம் எண்டு சட்டம். இரும்புக் குறி கூடாது எண்டு இல்லை. ஆனால் ஆரும் கொண்டுபோறதைக் காணேல்லை. மரமே இல்லாத மொட்டை மலை. 40 மீற்றருக்குப் போறதெண்டால் ஈரச் சேத்தில வயித்தால ஊர வேணும். அதையும் செய்யிறாங்கள், ஆனால் ஸ்கோப்போட.

---

கண்ணாடிக்காரன்

கன்னியா நண்பர் கமராவைப் பற்றிச் சொன்னதால் ஒரு யோசனை. கிட்டப் போகப் பழக வேண்டும் என்றால் நம் கோட்டை மான்களிடமே பழகலாமே?

---

கன்னியா ஏழாம் கிணறு

அண்ணை, அதுகளுக்குக் கிட்டப் போகத் தேவையில்லை, அதுகளே உங்களுக்குக் கிட்ட வரும். பையைத் திறந்தால் தலையை உள்ளுக்க விடும். பொலித்தீன் தின்னுது, நாய் கடிக்குது, வாகனம் அடிக்குது. அதை வைச்சு மானின்ர குணத்தைப் படிச்சால் காட்டுக்குள்ள முதல் நாளே ஏமாறுவியள். காட்டு மான் உங்களை நீங்கள் காண முதல் கண்டிடும். கண் ரெண்டும் பக்கவாட்டில, பின்னால கொஞ்சம்தான் தெரியாது. அசையாமல் நிண்டால் சில நேரம் விட்டிடும், கையைத் தூக்கினால் முடிஞ்சுது.

டண்டினோங் தம்பிக்கு: நீல ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போக வேண்டாம். மானுக்குச் சிவப்பும் செம்மஞ்சளும் சரியாத் தெரியாது, நீலம் நல்லாத் தெரியும். இதை நான் சொல்லுறன் எண்டு நினைக்க எனக்கே ஒரு மாதிரி இருக்கு. ஆனால் பீங்கான் சோதனையை இவ்வளவு நேர்மையா எழுதின வேட்டைக்காரனை நான் முதல் தரம் காணுறன்.

---

கிண்ணியாக் காக்கா

மூதூர், வெருகல் பக்கத்து வேடர்ர ஆக்களோட வாப்பா காட்டுக்குப் போயிருக்காரு. அவங்களும் தமிழ்தான் பேசுவாங்க. அவங்கட பழைய ஆக்கள் அம்பால அடிச்சவங்க. அவங்களுக்கு வாப்பாட இருபது எட்டே தூரமாம். "துவக்கு வந்த பொறகு காலு சோம்பேறியாப் போச்சி" எண்டு ஒரு கிழவர் செல்லுவாராம். இப்ப ஸ்கோப்பப் பார்த்தா என்ன செல்லுவாரோ.

---

டண்டினோங் மச்சான்

ரெண்டு கிழமை எழுதேல்லை. முன்குறி மாத்தி வந்தது, 40 மீற்றருக்குச் சரிபார்த்துக்கொண்டு வெள்ளி இரவே மலைக்குப் போயிட்டன்.

சனி விடிய ஒண்டும் இல்லை. குளிர்ந்த காத்து மலையால கீழ இறங்கிக்கொண்டிருந்தது, நான் கீழ இருந்து மேல ஏறினன், அது சரிதான். ஒன்பதரைக்கு வெயில் பட்டதும் காத்துத் திரும்பி மேல ஏறத் தொடங்கிச்சுது. மாமா சொன்ன அதே இடைநேரம். குந்தாமல் நடந்தன். "பொங்ங்" எண்டு ஒரு சத்தம், எண்ணெய்ப் பீப்பாவில அடிச்ச மாதிரி. மரை கத்தினது. காலைத் தரையில ஒருக்கா உதைச்சுது, கிளை முறிஞ்சுது, அவ்வளவு.

பின்னேரம் வேற பள்ளம். மேல இருந்து இறங்கினன், காத்து முகத்தில. சப்பாத்தைக் கழட்டிப்போட்டு இரட்டைக் காலுறையோட, ஐம்பது மீற்றர் போக முக்கால் மணித்தியாலம். பன்னச் செடிக்குள்ள ஒரு காது அசைஞ்சுது. பிறகு கொம்பு. பிறகு கழுத்து. ஆண் மரை, பக்கவாட்டா நிண்டு கொழுந்து கடிச்சுக்கொண்டிருந்தது. 30 மீற்றருக்கு உள்ளதான் இருக்கும். மரத்தில கையை ஊண்டித் துவக்கைச் சோங்கோட தோளில அமத்தினன். சட்டப்படி இன்னும் இருபது நிமிசம் இருந்தது. கண்மடல் அடிச்சது தெரிஞ்சுது, மாமாட்டச் சத்தியமாச் சொல்லுங்கோ.

முன்குறிதான் தெரியேல்லை. கறுப்பு முன்குறி, கறுத்த மரை, பள்ளத்து இருட்டு. தோளுக்குப் பின்னால எண்டு நினைச்சு வைச்ச இடத்தில குறி இருக்கோ இல்லையோ எண்டே சொல்லத் தெரியேல்லை. துவக்கை இறக்கினன். அது இன்னும் நாலு வாய் கடிச்சுப்போட்டு மேல ஏறிப் போச்சுது.

---

உவர்மலையான்

அப்பாட்ட முழுக்க வாசிச்சன். கண்மடல் வந்த இடத்தில தலையை ஆட்டினார். முடிய ஒரு கேள்விதான் கேட்டார், அப்படியே எழுதுறன்:

"கிண்ணியாப் பெடியன் அவ்வளவு விளக்கமாச் சொன்னவன். உவன் சுண்ணாம்பு கொண்டுபோகேல்லையோ?"

---

டண்டினோங் மச்சான்

மறந்து போனன் மாமா. நாளைக்கு டண்டினோங் சந்தையில வாங்குறன்.